முலாம் யாருடைய பொய்?

கவரிங் நகை அணிவது பொய் சொல்வதாகுமா? இந்தக் கேள்வியை யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் ஒருத்தியின் ஆரத்தை விரலால் தூக்கிப் பார்த்து, “தங்கமா, கவரிங்கா?” என்று விசாரிக்கும் குரலில் அந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. தங்கம் என்றால் எத்தனை சவரன் என்பது அடுத்த கேள்வி. கவரிங் என்றால் அடுத்த கேள்வி கிடையாது. ஒரு சின்னச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டவள் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடுவோம். செம்பிலோ பித்தளையிலோ செய்த வளையலைத் தங்க உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் தங்கம் மெல்லிய படலமாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் மைக்ரான் கணக்கில்தான் அந்தப் படலத்தை அளக்க முடியும். இதுதான் தங்க முலாம். சிதம்பரமும் ஆந்திரத்தின் மசூலிப்பட்டினமும் இந்த வகை நகைகளுக்குப் பேர்போன ஊர்கள்.

இதே வேலையைத் தங்கத்தின் மேலும் செய்கிறார்கள். 18 கேரட் தங்கத்தில் 75 சதவீதம் தங்கம் இருக்கும். மீதிக்குப் பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்தாலும் லேசான மஞ்சள் சாயல் மிஞ்சிவிடும். அதை மறைக்க மேலே ரோடியம் என்ற வேறொரு உலோகத்தைப் பூசுகிறார்கள். ஒயிட் கோல்டு மோதிரத்தின் கண்ணைப் பறிக்கும் வெண்மை பெரும்பாலும் அந்தப் பூச்சினுடையது. தேய்ந்துபோனால் கடைக்குக் கொண்டுபோய் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இரண்டிலும் உள்ளே ஓர் உலோகம், வெளியே இன்னோர் உலோகம். இரண்டு பூச்சும் ஒருநாள் தேயும். ஆனால் ஒயிட் கோல்டு அணிந்தவளிடம், “உள்ளே மஞ்சள்தானே?” என்று கேட்டு யாரும் சிரிப்பதில்லை. பூச்சுதான் பொய் என்றால் இரண்டுமே பொய். ஒன்றை நாகரிகம் என்றும் மற்றதைப் போலி என்றும் நாம் பிரிப்பது அடியில் இருக்கும் உலோகத்தின் விலையை வைத்து. நேர்மையைப் பற்றி விசாரிப்பதுபோல வசதியைப் பற்றித்தான் விசாரிக்கிறோம்.

ஒன்றைப் பொய் என்று சொல்ல வேண்டுமானால், உண்மையை அறியும் உரிமையுள்ள ஒருவர் எதிரே இருக்க வேண்டும். நகை வாங்குகிறவருக்கு அந்த உரிமை உண்டு. 22 கேரட் என்று விற்றால் அதில் 91.6 சதவீதம் தங்கம் இருந்தாக வேண்டும். 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது இதற்காகத்தான். கவரிங்கைத் தங்கம் என்று சொல்லி அடகு வைத்தால் அது மோசடி. அதில் வாதமே இல்லை. ஆனால் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒருத்தியின் கழுத்து எடையை அறிய என்ன உரிமை? பேருந்து நிறுத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு என்ன உரிமை? அவனுக்குப் பயந்து தங்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கவரிங்கோடு வெளியே போகிற பெண், யாரையும் ஏமாற்றவில்லை. தன்னைக் காத்துக்கொள்கிறாள்.

இத்தோடு விட்டுவிட முடியாது. நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். பெண்ணை நகையால் அளக்கிற வழக்கத்தைக் கவரிங் உடைக்கவில்லை, தொடரத்தானே செய்கிறது? பத்துப் பேர் கழுத்து மின்னினால் பதினோராவது கழுத்தின் வெறுமை இன்னும் தனியாகத் தெரியாதா? நகையே வேண்டாம் என்று பெரியார் சொன்னது இதனால்தானே? தாலிகூடக் கட்டாயமில்லை என்று 1967இல் தமிழ்நாட்டுச் சட்டமே சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டதே?

மறுப்பு நியாயமானது. ஆனால் வெறுங்கழுத்துக்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது: மூளி. நகையில்லாதவள் என்பதோடு அந்தச் சொல் நிற்பதில்லை. புருஷனை இழந்தவள், மங்கலம் கெட்டவள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. படித்து, சம்பாதித்து, தன் கொள்கையை வாய்விட்டுச் சொல்ல முடிகிறவளுக்கு வெறுங்கழுத்து ஓர் அறிவிப்பு. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போகிற மருமகளுக்கு அது வசவு. அவளிடம் போய், ‘கவரிங்கைக் கழற்று, உண்மையாக இரு’ என்று சொல்வதற்கு முன்னால், அந்த உண்மையின் செலவை யார் ஏற்பது என்று நாம் சொல்ல வேண்டும்.

கவரிங் மறைக்கிற இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்யாணத்தில் போட்ட நகை பல வீடுகளில் சில வருடங்களிலேயே அடகுக் கடைக்கோ வங்கிக்கோ போய்விடுகிறது. கணவனின் தொழில், நாத்தனார் கல்யாணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று காரணங்கள். சில நேரம் அவளே கழற்றித் தருகிறாள். சில நேரம் கேட்கிறார்கள். சில நேரம் கேட்பதுமில்லை, சொல்கிறார்கள். பிறகு ஒரு விசேஷம் வரும். “கவரிங் வாங்கிப் போட்டுக்கம்மா, வெறுங்கழுத்தோட போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்று மாமியார் சொல்வார். அவள் போட்டுக்கொள்வாள். அவளுடைய அம்மாவுக்குத் தெரியாது, அண்ணன் கேட்க மாட்டான். ‘இந்த வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று அவள் கழுத்து சொல்லிக்கொண்டிருக்கும். சொல்லச் சொன்னது வேறு ஆள். மாட்டிக்கொண்டால் சிரிப்பை வாங்கிக்கொள்வது மட்டும் அவள்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஸ்ரீதனம் மனைவியின் முழுச் சொத்து, கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது, திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 2003இல் கல்யாணம். பிறந்த வீட்டில் போட்டது 89 சவரன். பத்திரமாக வைக்கிறேன் என்று முதல் இரவிலேயே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், அவர்களுடைய பழைய கடன்களுக்கே அது போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் முறையீடு. அவருக்கு 25 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பு வந்தபோது கல்யாணமாகி 21 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இன்று ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் பொறிக்கப்படுகிறது. தங்கம் எவ்வளவு தூய்மையானது என்பதற்கு அது சான்று. யாருடையது என்பதற்கு எந்த முத்திரையும் கிடையாது. 2021இல் தமிழ்நாட்டில் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோதும் குடும்பத்துக்கு 5 சவரன் என்பதுதான் வரம்பு. குடும்பம் என்று எழுதிவிட்டால், அந்த 5 சவரன் யார் கழுத்திலிருந்து இறங்கியது என்ற கேள்வி எழுவதில்லை.

இது புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் விசாரிக்கப்பட்டது சிலம்பு யாருடையது என்பது. வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்ததால், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அத்தனை செல்வத்தோடு மணமாகி வந்த கண்ணகிக்குக் கடைசியில் சிலம்பு மட்டுமே மிஞ்சியது எப்படி என்பது அந்த விசாரணையில் வரவேயில்லை.

ஆகவே கவரிங் அணிந்தவளின் நேர்மையை எடைபோடுகிற வேலையை விட்டுவிடலாம். அழகுக்காக, பாதுகாப்புக்காக, கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப அவளே தேர்ந்தெடுத்தது என்றால் அதில் பொய் இல்லை. பிறருடைய மானத்தைக் காப்பாற்ற அவள் கழுத்தில் ஏற்றப்பட்டது என்றால், அந்தப் பொய் ஏற்றியவர்களுடையது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. அவளிடம் பேசினால்தான் தெரியும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் நம் பொறுப்பு இருக்கிறது. “தங்கமா?” என்று மண்டபத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, “உன் தங்கம் எங்கே?” என்று தனியாகக் கேட்கலாம். அம்மா மகளிடம் கேட்கலாம், அக்கா தங்கையிடம் கேட்கலாம், தோழி தோழியிடம் கேட்கலாம். கடை ரசீது யார் பெயரில் இருக்கிறது? அடகுச் சீட்டு யார் கையில் இருக்கிறது? லாக்கர் சாவி யாரிடம்? அவள் பதில் சொல்ல விரும்பாவிட்டால் அதுவும் அவள் உரிமை. அதற்காக மறுபடி சந்தேகத்தோடு கழுத்தைப் பார்க்க வேண்டாம். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

முலாம் முதலில் தேய்வது, பிடரியில் வியர்வை படுகிற இடத்திலும் வளையலின் உட்புறத்திலும். செம்பின் பச்சை தோலில் இறங்கும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, அணிந்தவளுக்குத் தெரியும். அப்போது, “மறுபடி பூசிக்கொள்” என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கம் எங்கே போனது என்று கேட்கத்தான் ஆள் குறைவு.