வாயில் திறந்தால் போதுமா?

கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இருவரையே எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர், பள்ளிக்குச் செல்ல இயலாத குழந்தை. மற்றொருவர், பட்டமளிப்பு மேடையில் நிற்கும் இளைஞர். இவ்விருவருக்கும் இடையே, பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பை முடித்துக்கொண்டு, பொறியியல் கல்லூரியின் வாயிலில் தயங்கி நிற்கும் மாணவரை நாம் அதிகம் எண்ணுவதில்லை. அவருக்கும் நமக்கும் உள்ள உறவு யாது? அவருக்கு நாம் செய்யும் உதவி இரக்கத்தின் செயலா, அல்லது நாம் செலுத்த வேண்டிய கடனா? இக்கேள்வியைச் சற்றே சிந்திப்போம்.

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்வது நலம். பத்தாம் வகுப்பை முடித்தவர் மூன்றாண்டுகள் பாலிடெக்னிக்கில் பயின்று பட்டயம் பெறலாம். அவர் விரும்பினால், பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தமிழகத்தில் இந்தச் சேர்க்கைக்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளது. கணக்கிட்டுப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி இரண்டாண்டு, பொறியியல் நான்காண்டு, ஆக ஆறு ஆண்டுகள். பாலிடெக்னிக் மூன்றாண்டு, பொறியியல் மூன்றாண்டு, அதுவும் ஆறு ஆண்டுகளே. இவ்வழியில் வருபவர் காலத்தை இழப்பதில்லை. அதோடு, பாதி வழியிலேயே சோறு போடக்கூடிய தொழிற்சான்று ஒன்றும் அவர் கையில் இருக்கிறது.

இந்த முத்துக்குளித்துறைக் கரையில் அவ்வழியைத் தேர்பவர் யார்? வேம்பார் முதல் பெரியதாழை வரை உள்ள கடற்கரை ஊர்களிலும், தூத்துக்குடியைச் சூழ்ந்த உப்பளங்களிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இதனைத் தேர்கின்றனர். கடல் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை என்னும் வீடுகள் அவை. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அத்தகைய வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழும் முதற் கேள்வி, 'எப்போது சம்பாதிப்பான்?' என்பதே. ஆகவே, பட்டயப் படிப்பை அவன் தேர்வது அறிவுக் குறைவினால் என்று எண்ணுவது பெரும் பிழை. அறிவு வளர்வதற்குக் காத்திருக்க அவ்வீட்டு அடுப்புக்குப் பொறுமையில்லை என்பதே உண்மை.

பிற நாடுகளிலும் இதே தேவை உணரப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே ஈராண்டு பயின்று, பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம் என்பது அதன் நோக்கம். அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்கு அதுவே முன்னோடி. நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இவ்வியக்கத்தைப் பல மாநிலங்களுக்கும் கொண்டு சென்றார். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு வேலைத்திறன் அளித்து வாழ்வு தந்தது அதன் பெருமை. ஆனால் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதை நம்மிடையே அகலமாக அமையவில்லை. இன்றும் நம் ஏழை மாணவர்க்குத் தொழிற்கல்வியிலிருந்து பட்டக் கல்விக்குச் செல்லும் முதன்மையான பாலமாக இருப்பது பாலிடெக்னிக்தான்.

பாலம் இருக்கிறது, வாயிலும் திறந்திருக்கிறது. பிறகு என்ன குறை?

உள்ளே நுழைந்தபின் நடப்பதைக் கவனியுங்கள். பட்டயப் படிப்பில் கணிதம் பெரும்பாலும் முதலாண்டோடு நின்றுவிடுகிறது. அடுத்த ஈராண்டுகள் பட்டறையிலும் வரைபடத்திலும் தொழிற்பாடங்களிலும் கழிகின்றன. கடைசல் இயந்திரத்தை இயக்குவார்; மின்மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவார்; ஆனால் நுண்கணிதம் கைவிட்டுப் போயிருக்கும். பொறியியல் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஃபூரியர் தொடரும், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் அவரை எதிர்கொள்கின்றன. அருகில் அமர்ந்திருப்பவர் மேல்நிலைப் பள்ளியில் ஈராண்டும், கல்லூரியில் ஓராண்டுமாகக் கணிதத்தைத் தொடர்ந்து பயின்று வந்தவர். அவர்களுக்குள் நட்பு வட்டங்கள் முன்பே அமைந்துவிட்டன. பேராசிரியர் ஆங்கிலத்தில் வேகமாகச் செல்கிறார். புதியவர் வாய் திறந்து கேட்கக் கூசுகிறார். முதற்பருவத் தேர்வில் இரண்டு மூன்று தாள்கள் நிலுவையாக விழுகின்றன. வீட்டிலோ, 'இது நமக்கு ஒத்துவராது என்று அப்போதே சொன்னோமே!' என்னும் குரல் எழுகிறது. கணிதத்தில் ஏற்பட்ட ஓர் இடைவெளி, குலத்தின் தலைவிதியாகப் பொருள் கொள்ளப்படுகிறது. இதனினும் கொடுமை உண்டோ?

சட்டம் தரும் உரிமை வேறு, அவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஆற்றல் வேறு என்பதைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளார். ஒருவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று மட்டும் பார்த்தல் போதாது. அதைக்கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது, எவ்வாறு வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வுண்மையை நம் முன்னோர் நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். முத்துக்குளிப்பவர் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். தோணியின் மேல் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க அவன் சம்மதிக்கமாட்டான் அன்றோ! குளிப்பவரின் மூச்சும் திறமையும் அவருடையவையே. முத்துச் சிப்பியை எடுப்பதும் அவரே. எனினும், மேலே ஒருவர் விழித்திருக்கிறார் என்னும் உறுதியின்றி எவரும் அத்துணை ஆழத்துக்கு இறங்கியதில்லை. கடல் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. திறந்திருந்ததால் மட்டும் எவரும் முத்தெடுக்கவில்லை.

இங்கே சில மறுப்புகள் எழும். அவற்றை நேர்மையோடு எதிர்கொள்வோம்.

'நேர்வழியில் போட்டியிட்டு வந்தவர்களுக்கு இல்லாத சலுகை இவர்களுக்கு ஏன்?' என்பது முதல் மறுப்பு. திராட்சைத் தோட்ட உவமையை நாம் அறிவோம். நாளின் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் முழுக் கூலி கிடைத்தபோது, காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுத்தனர். அவ்வுவமையில் நாம் அடிக்கடி தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. கடைசியில் வந்தவர்கள் சந்தைவெளியில் நின்றது சோம்பலினால் அன்று. அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. நம் மாணவர்களின் நிலைக்கு அவ்வுவமை பாதிதான் பொருந்தும். ஏனெனில், இவர்கள் சும்மா நின்றவர்கள்கூட அல்லர். வேறொரு தோட்டத்தில் மூன்றாண்டுகள் உழைத்துவிட்டு வந்தவர்கள். மேலும், தேர்வில் மதிப்பெண் கூட்டித் தருமாறு எவரும் கேட்கவில்லை. தேர்வுக்கு ஆயத்தமாவதற்குத் துணையே கேட்கப்படுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி கிடைக்கும்போது அதனைச் சலுகை என்று நாம் சொல்வதில்லையே!

'எல்லோரும் பட்டதாரி ஆக வேண்டுமா? தொழிலாளியின் கை உழைப்பு இழிவானதா?' என்பது இரண்டாம் மறுப்பு. இது மதிக்கத்தக்க கேள்வி. நாசரேத்தின் தச்சுப் பட்டறையை வணங்கும் நாம் கை உழைப்பை இழிவாகக் கருத இயலாது. பட்டயத்தோடு நின்று, துறைமுகத்திலோ மின்நிலையத்திலோ நேர்மையாகப் பணியாற்றுபவர் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர். ஆனால் நிற்பது அவர் விருப்பமாக இருக்க வேண்டும். கட்டணம் கட்ட இயலாமையால் அமைந்த தண்டனையாக இருத்தலாகாது. தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் 1973-இல் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். இக்கடலில் இயற்கை முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றிருந்த காலம் அது. கையால் எடுத்த முத்து, அறிவால் விளையும் முத்தாக மாறியது. இன்றோ, குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தூத்துக்குடி அருகே மின்வாகனத் தொழிற்சாலை 2025-இல் திறக்கப்பட்டது. இவை நம் கரையில் அமைகின்றன. இவற்றின் வாயிற்காவலும் துப்புரவும் மட்டும் நம் பிள்ளைகளுக்கு எனவும், வடிவமைப்பு மேசை பிறருக்கு எனவும் ஆகிவிட்டால், அதை உழைப்பின் மாண்பு என்று போற்றிச் சமாதானம் அடைய முடியுமா?

'படித்தவர் ஊரைவிட்டுப் போய்விடுவார், நமக்கென்ன பயன்?' என்பது மூன்றாவது. பயன் கருதிக் கொடுப்பது வணிகம். எனினும், பெற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. கயிற்றின் உதவியால் மேலே வந்தவர், அடுத்தவர் இறங்கும்போது கயிற்றைப் பிடித்தல் வேண்டும். சென்னையில் இருப்பினும், வளைகுடா நாட்டில் இருப்பினும், தம் ஊரின் ஒரே ஒரு மாணவருக்கு வாரம் ஒருமுறை கணக்குச் சொல்லித்தர இன்று தொலைவு தடையன்று.

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு வழங்கும் உறுதியான மனநிலையே நீதி எனப் புனித தோமா அக்குவினார் கற்பிக்கிறார். ஏழைக்கு நாம் கொடுப்பது நம் பொருளை அன்று, அவருக்கே உரியதைத் திருப்பித் தருகிறோம் என்னும் புனித அம்புரோசின் கருத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நமக்கு நினைவூட்டினார். கல்வியும் அத்தகைய பொதுச் சொத்தே. மீனையும் உப்பையும் விளைவித்தவர்களின் உழைப்பில் வளர்ந்த நகரம் இது. ஆகவே, அவர்தம் பிள்ளைகளுக்குச் செய்யும் துணை அடிப்படையில் நீதியே; அதனை அன்போடு செய்யும்போது அது இரக்கமாகவும் நிறைவு பெறுகிறது.

கடன் என்றால் எவ்வாறு செலுத்துவது? 1931-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் விளக்கிய துணைமைக் கோட்பாடு இங்கு வழிகாட்டும். ஒருவர் தாமே செய்யக்கூடியதை அவரிடமிருந்து பறித்து நாம் செய்தலாகாது. அவரால் இயலாத இடத்தில் துணை நிற்க வேண்டும். பட்டயத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை சில வாரங்கள் கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பங்கு மண்டபத்தின் ஓர் அறை, ஒரு கரும்பலகை ஆகியவை இருந்தால் அவ்வாரங்கள் வீணாகா. சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்று, கல்விக்கடன் விண்ணப்பம் ஆகியவற்றுக்காக அலைந்து மனம் தளரும் பெற்றோருக்கு, விவரமறிந்த ஒருவர் உடன் சென்றாலே பாதிச் சுமை இறங்கும். அரசும் தன் பங்குக்கு அரசுப் பள்ளி மாணவியருக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டத்தையும், மாணவர்க்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி, மாதம் 1000 ரூபாய் வழங்க வகை செய்தது. இவற்றை அறியாத வீடுகளுக்கு அறிவிப்பது அன்பியங்களின் பணியாகலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது முதற்பருவம். அப்போது மாதம் ஒருமுறை 'எப்படிப் படிக்கிறாய், தம்பி?' என்று கேட்கும் மூத்த மாணவர் ஒருவர் இருந்தால், விழும் தாள்கள் குறையும். விழுந்தாலும் மனம் விழாது.

பணமும் வேண்டும். ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கையில் ஓரிரு வெடிகள் குறைந்தால் பாதுகாவலர் வருந்தமாட்டார். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம்: உதவியை மேடையில் வழங்கி, படம் எடுத்து, பெறுபவரின் தலையைக் குனியவைக்க வேண்டா. கடனைத் திருப்பித் தருபவர் எவரும் அதைக் கொண்டாட்டமாகச் செய்வதில்லை.

வாயிலைத் திறந்தவர்களுக்கு நன்றி கூறுவோம். அவர்களுடைய பணி அங்கே முடியலாம். நம்முடைய பணி அங்கிருந்தே தொடங்குகிறது. இவ்வாண்டு நம் பங்கில் பட்டயம் முடிப்பவர் எத்தனை பேர், அவர்களுள் மேலே படிக்க விரும்புபவர் யார் யார் என்னும் பட்டியல் நம்மிடம் இருக்கிறதா? இல்லையெனில், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதனை முதற் பொருளாக வைப்போம்.