பெயரும் பொறுப்பும்

பெயர் ஒருவருக்கு உரியதாயினும் அதனை மிகுதியாக வழங்குவோர் பிறரேயாவர். ஆதலின் பெயரிடுதல் தன்விருப்பம் மட்டும் சார்ந்த செயலன்று. அழைப்போர்க்கும் அழைக்கப்படுவோர்க்கும் இடையே நிகழும் ஓர் உடன்பாடாகும். தமக்கென ஓர் இணையத்தளம் அமைத்து, அதற்கு ஆள்களப் பெயர் தேடுவோர் எதிர்கொள்ளும் வினாவும் இதனோடு தொடர்புடையதே. பலரை ஈர்க்கும் பெயர் நற்பெயரா? அன்றித் தாம் பொறுப்பேற்கத்தக்க பெயர் நற்பெயரா?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வைத்து இவ்வினாவை நோக்குதல் பொருத்தமுடையது. பெயர்கள் பலமுறை மாறிய இடம் அது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அக்கற்களைக் கொண்டு 1624இல் அங்கே கோட்டை எழுப்பினர். கைமாறிய அக்கோட்டை 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்பெயர் ஆண்டவர் யாரென்பதை உணர்த்துமேயன்றி, அவ்விடத்தின் இயல்பை உணர்த்தாது.

இவ்வூரின் பெயர் கடல் கடந்தும் சென்றது. 1817இல் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 'டிரிங்கோமலி' எனப் பெயர் பெற்றது. 1897இல் விற்கப்பட்ட பின்னர், நெல்சனின் கொடிக்கப்பலாயிருந்து அவ்வாண்டிலேயே கரைதட்டி அழிந்த 'பூட்ரோயன்ட்' என்பதன் பெயர் அதற்கு இடப்பட்டது. 1992இல் பழைய பெயர் மீண்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அக்கப்பல் தன் சொந்தப் பெயரோடு நிற்கிறது. நெடுங்காலம் சுமந்தும், இரவற்புகழ் அதன் சொந்த வரலாறாகிவிடவில்லை.

ஆள்களப் பெயர்கள் பெரும்பாலும் முந்தி விண்ணப்பிப்போர்க்கே வழங்கப்படுகின்றன. இப்பகுதி இளைஞர் ஒருவர், தம் ஒளிப்படங்களைக் காட்டும் தளத்துக்கு ஊர்ப்பெயரையே இட விழைகிறார் என்று கொள்க. பெயர் எவராலும் பெறப்படாதிருந்தது. எடுத்துக்கொள்வதால் யார்க்கும் தீங்கில்லை என்பது அவர் வாதமாகலாம். முந்தியவரின் முயற்சிக்கு மதிப்புண்டு. ஆதலின் இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஊரின் செய்தியை நாடி வருபவர் அங்கே ஒருவரின் படங்களை மட்டும் காண்பாராயின், ஊரை அழைத்தவர்க்கு ஊர் விடையிறுக்கவில்லை என்பதே பொருள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வாழும் ஊரின் பெயரைத் தமக்கென ஒருவர் அடைத்துக்கொள்வது, பொதுக்கிணற்றைச் சுற்றித் தனிவேலி இடுவதை ஒக்கும்.

நாட்டுக் குறியீடுகள் முதலிய ஆள்களங்களை நிருவகிப்போர் பற்றி 1994இல் ஜோன் போஸ்டெல் எழுதிய ஆவணம், அவற்றில் உரிமை, உடைமை எனும் பேச்சுப் பொருந்தாது என்றும், சமூகத்துக்கான பொறுப்பும் பணியுமே கருதத்தக்கன என்றும் வகுத்தது. தனியொருவரின் சிறுதளத்துக்கும் இந்நெறி ஏற்புடையதே. ஆள்களம் என்னுஞ் சொல் ஆட்சியைச் சுட்டினும், அது விலைக்கு வாங்கிய நிலமன்று. காலந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கும் குத்தகையாகும். புதுப்பிக்கத் தவறின் பிறர் அதனைப் பெறலாம். பழைய நம்பிக்கையோடு வருவோர் அப்போது அயலார் வாயிலில் நிற்பர்.

அவ்வாறாயின் அவ்விளைஞர் இடத்தக்க பெயர் யாது? அவரது சொந்தப் பெயரே முதலிற் கருதத்தக்கது. வேண்டின் ஊர்ப்பெயரை அதனோடு இணைக்கலாம்; அப்போது அது உடைமையைக் குறியாது, இருப்பிடத்தையே குறிக்கும். செவியாற் கேட்டவர் பிழையின்றி எழுதத்தக்கதாகவும் அப்பெயர் அமைதல் வேண்டும். உரோம எழுத்தில் லகர ளகர வேறுபாடு மறைகிறது. ழகரமோ பலவாறு எழுதப்படுகிறது. '.இலங்கை' எனும் தமிழ் முடிபு 2010இல் இணைய ஒழுங்கில் இடம்பெற்றமையால், தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வழங்கும் வழியும் பிறந்துள்ளது.

எத்தனை பேர் வருவர் என்பதைப் பெயரிட்டபின் காலம் காட்டும். அப்பெயரை நம்பி வரும் ஒருவர்க்கேனும் தாம் நேர்மையாக விடையளிக்க இயலுமா என்பதைப் பெயரிடுமுன் எண்ணிப்பார்த்தல் கடமையாகும்.