தூரம் என்னும் சாக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரிலிருந்து லண்டன் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். 2018 மார்ச்சில் வழக்கமான பயணிகள் சேவையில் ஒரு விமானம் இடையில் எங்கும் இறங்காமல் அந்த வழியை முதன்முறையாகக் கடந்தது. சுமார் 17 மணி நேரப் பயணம். மாலையில் பெர்த்தில் ஏறியவர்கள் மறுநாள் விடியற்காலையில் லண்டனில் இறங்கிவிட்டார்கள்.

இதே பெர்த்திலிருந்து 1943-ல் பறந்த கடல் விமானங்களின் கதை வேறு. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் இங்கிலாந்துக்கு இருந்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, இலங்கையின் தென்கரையிலிருக்கும் கொக்கல ஏரிக்குப் பறந்தார்கள். தூரம் 5,600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேரமோ சுமார் 30 மணி. பயணிகள் மூவருக்கு மேல் இடமில்லை. கடிதப் பை 69 கிலோ. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் பேசவும் முடியாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். ஒரு கடிதம் போய்ச் சேர மனிதர் உயிரைப் பணயம் வைத்த காலம் அது.

போர் முடிந்த பின் பத்துப் பவுன் கட்டணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் வாரக்கணக்கில் கப்பலில் போனவர்கள். துறைமுகத்தில் மகனை வழியனுப்பிய தாய், "இனி இவனைப் பார்ப்போமோ, மாட்டோமோ" என்று நினைத்திருப்பாள். ஆண்டுகள் சென்றும் அவன் வராதபோது, "என்ன செய்வான் பாவம், நடுவில் இவ்வளவு கடல் கிடக்கிறதே!" என்று தேறியிருப்பாள். பழியைச் சுமக்கக் கடல் இருந்தது. மகனுடைய மனச்சாட்சியும் அந்தக் கடலின் மறைவில் நிம்மதியாக இருந்தது.

இன்று அந்த மறைவு போய்விட்டது. பணமில்லாதவர்களும் விடுப்புக் கிடைக்காதவர்களும் இன்றும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பணமும் விடுப்பும் இருந்தும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறோமே, நம்மைத்தான் கேட்கிறேன். போக முடியாதவன் போகாமலிருப்பதும், போக முடிந்தவன் போகாமலிருப்பதும் ஒன்றாகுமா? விஞ்ஞானம் நமக்கு வசதியைத் தந்தது. கூடவே ஒரு கடமையையும் தந்தது. வசதியை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. லண்டனிலிருந்து பெர்த்துக்கு வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, நேரம் குறைகிறது. பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போகும்போது எதிர்க்காற்று, நேரம் கூடுகிறது. தூரம் ஒன்றுதான். தாயின் வீட்டிலிருந்து மகனுக்கு வழி குறுகியது. மகனின் வீட்டிலிருந்து தாய்க்கு வழி நீண்டது. குடும்பங்களில் எப்போதும் இப்படித்தானே!

அன்றைய தாய்க்கு மகனுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்றைய தாயிடம் அண்டை வீட்டார், "மகன் வரவில்லையா?" என்று கேட்கிறார்கள். கடலைக் காட்ட முடியாது. "அவனுக்கு ஓயாத வேலை" என்கிறாள். நாம் தேட வேண்டிய சாக்கையும் அவளே தேடிக்கொள்கிறாள்.