ஊர் சுற்றியவளின் கணக்கு

ஒரே செயலுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மகன் நாலு ஊருக்குப் போய்வந்தால் 'உலகம் தெரிந்தவன்'. மகள் போய்வந்தால் 'ஊர்சுற்றி'. முதல் பெயரைப் பெண் பார்க்கப் போகும் வீட்டில் தகுதியாகச் சொல்வார்கள். இரண்டாவதை, பெண்ணைப் பார்க்க வருகிறவர்களிடம் மூச்சுவிட மாட்டார்கள். வெளிநாட்டில் படிக்கப் போன ஒரு பெண், வகுப்பில்லாத நாளில் ரயிலேறி இன்னோர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது ஒழுக்கம் சார்ந்த கேள்வியாக மாறுவது இப்படித்தான். அவள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனாலும் போனதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டைவிட்டுப் போகக் காரணம் வேண்டும் என்பது பழைய விதி. தலைவன் பிரிந்து போவதற்கான காரணங்களைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. ஓதல், பகை, தூது, பொருள் எல்லாம் அதில் உண்டு. படிப்புக்கான பிரிவு மூன்றாண்டைத் தாண்டாது என்று காலவரம்பும் வைக்கிறது. பெண்ணைப் பற்றிப் பேசும்போது, கடல் கடந்த பயணம் பெண்ணோடு இல்லை என்று முடித்துக்கொள்கிறது. அவளுக்கு உரியது காத்திருப்பு. மிஞ்சிப்போனால் காதலனோடு உடன்போக்கு. தனியாக ஊர் ஊராக நடந்த பெண் என்றதும் நம் நினைவுக்கு வருபவள் ஔவை. அவளைப் பற்றி வழங்கும் கதையில், பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவளால் நடக்க முடிகிறது.

படிப்புக்காகக் கடல் கடந்த முதல் தலைமுறைப் பெண்களும் காரணம் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார்கள். 1883 பிப்ரவரியில், வங்காளத்தின் செராம்பூரில், 17 வயது ஆனந்திபாய் ஜோஷி ஒரு கூட்டத்தின் முன் நின்று ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஏன் அமெரிக்கா போகிறாய்? இங்கே படிக்க வழியில்லையா? ஏன் தனியாகப் போகிறாய்? திரும்பி வந்தால் சாதியைவிட்டு விலக்க மாட்டார்களா? வேறெந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்ய வேண்டும்? இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்பதே அவரது பதிலுக்கு ஆதாரமாக இருந்தது. 1886இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியவர் 1887 பிப்ரவரியில், 22 வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

அந்தப் பதில் உண்மையானது, பெரியது. ஆனால் அந்தப் பதில் நமக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது. கடல் தாண்டும் பெண் பிறருக்குப் பயன்பட்டாக வேண்டும். 'அந்த ஊரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது' என்பதை ஒரு காரணமாகச் சொல்லும் துணிச்சல் இன்றைக்கும் நம் பெண்களுக்கு எளிதில் வருவதில்லை.

என்னிடம் தமிழ் படித்த ஒரு பெண், இப்போது ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆஹன் நகரில் முதுகலை படிக்கிறாள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு ஒரு பயணச்சீட்டும் கிடைத்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் நெடுந்தூர விரைவு ரயில்கள் தவிர்த்த வட்டார ரயில்களில் போகலாம். ஒரு சனிக்கிழமை கொலோன் போய், 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடித்த பேராலயத்தின் கோபுரத்தில் 533 படி ஏறினாள். இன்னொரு முறை இரவுப் பேருந்தில் பாரிஸ். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவர் அருங்காட்சியகத்தில் கட்டணம் கிடையாது. அங்கே படிக்கட்டின் உச்சியில், தலையில்லாமல் சிறகு விரித்து நிற்கும் சமோத்ராஸின் வெற்றித் தேவதை முன்னால் அரை மணி நேரம் நின்றதாக எழுதியிருந்தாள். எல்லாப் படங்களையும் எனக்கு அனுப்பினாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டபோது அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டுப் போட்டாள். அவள் அண்ணன் மான்செஸ்டரில் படித்த காலத்தில் ஈபிள் கோபுரத்தின் முன் எடுத்துக்கொண்ட படம், அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது.

அவள் மறைத்தது தவறா? இதை மேலோட்டமாகக் கடந்துவிட முடியாது. ஜெர்மனிக்கு மாணவர் விசா வேண்டுமானால் பொதுவாக ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. நம் ஊர்க் கணக்கில் பல லட்சம். அம்மாவின் வளையலும் வீட்டுப் பத்திரமும் வங்கியில் இருக்கும்போது, மகள் பாரிஸில் நிற்கும் படம் பெற்றோரை உறுத்தாதா என்று கேட்பவர்களை நான் பழமைவாதிகள் என்று ஒதுக்க மாட்டேன். கடன் வாங்கிக் கொடுத்தவர்களுக்குப் பணத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. மகனிடமும் அதே கணக்கைக் கேட்டால் அது நியாயம்.

ஆனால் வீடு கேட்பது அந்தக் கணக்கை மட்டும் அல்ல. பேருந்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் அவளால் ரசீதைக் காட்ட முடியும். யாரோடு போனாய், எங்கே தங்கினாய், எதற்காகப் போனாய் என்ற கேள்விகளுக்கு ரசீது கிடையாது. கடனாக வாங்கியது பணம். அவள் கண்களை யாரும் அடகு வைக்கவில்லை.

'பயணம் அறிவை வளர்க்கும்' என்று சொல்லி அவளுக்காக வாதாடலாம். எனக்கு அந்த வாதத்தில் தயக்கம் உண்டு. அதுவும் பயன் என்ற வாசல் வழியாகத்தான் அவளை வெளியே விடுகிறது. சில்வியா பிளாத் 1955இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவிலிருந்து கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரிக்குப் படிக்க வந்தார். முதல் குளிர்கால விடுமுறையில் பிரான்சின் தென்கரைக்குப் போனார். 1956 ஜனவரியில், வான்ஸ் என்ற சிற்றூரில் ஓவியர் மத்தீஸ் வடிவமைத்த தேவாலயத்தைப் பார்க்கச் சென்றபோது அது பூட்டியிருந்தது. வாசலில் நின்று அழுதார். அங்கிருந்த கன்னியர் மடத்துத் தலைவி அவரை உள்ளே அழைத்துக்கொண்டார். அந்தத் தேவாலயம் அவரது பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு கட்டிடத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு அழுத அந்த மாணவி, பின்னாளில் பெரும் கவிஞர் ஆகாமல் போயிருந்தாலும் அந்த அழுகைக்கு மதிப்புக் குறைந்திருக்காது. பார்ப்பது தன்னளவிலேயே ஒரு நன்மை. யாருடைய மகளாகவும் யாருடைய எதிர்கால மனைவியாகவும் இல்லாமல் ஒரு பொருளின் முன்னால் நிற்கும் நேரம் அவளுக்கு அப்போது கிடைக்கிறது.

பிளாத் அந்த நாளைத் தன் அம்மாவுக்கு எழுதினார். இளம் வயதில் கணவரை இழந்து, ஆசிரியர் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த பெண் அவர். என் மாணவி செய்ய முடியாமல் போனது இதைத்தான். அவள் அம்மா சென்னையைத் தாண்டியதில்லை. மகள் ஏறிய 533 படிகளையும், தலையில்லாத அந்தச் சிறகுப் பெண்ணையும் கேட்டு மகிழ உலகத்தில் முதல் உரிமை உள்ளவர் அவர். ஊர்ப் பேச்சுக்கும் அப்பாவின் கோபத்துக்கும் பயந்து பூட்டிய பூட்டு, முதலில் அந்த அம்மாவைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது. பார்க்கும் வாய்ப்பு கிடைக்காத பெண்ணுக்கு இப்போது கேட்கும் வாய்ப்பும் இல்லை.

ஆகவே, ஊர் சுற்றிய பெண்ணுக்குக் கடமை ஒன்று உண்டென்றால், பார்த்ததைச் சொல்வது அதில் முதலாவது. ஆனால் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற வீட்டில், அந்தக் கடமையை அவள் தலையில் சுமத்துவது கொடுமை. அங்கே மௌனத்துக்குப் பொறுப்பு, கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ளாதவர்களுடையது. மகள் தொலைபேசியில் அழைக்கும்போது 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்பதோடு 'என்ன பார்த்தாய்' என்றும் நாம் கேட்டுப் பழக வேண்டும். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமலும் இருக்க வேண்டும்.