கட்டணத்தை நிறுத்துவது களவாகுமா?

குழாயைத் திறந்து நீரை எடுத்துக்கொண்டு, மாதக் கடைசியில் வரும் சீட்டுக்குப் பணம் கொடாதிருப்பவன் திருடனா, அல்லனா? இக்கேள்வியைக் கேட்டவுடன் நம் பெரியோர் பலர், "வாங்கியதற்குக் காசு கொடுப்பதுதானே யோக்கியதை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். அவர்கள் சொல்வது கடைக்கு முற்றிலும் பொருந்தும். ஒரு கடையில் விலை மிகுதியெனில் அடுத்த கடைக்குப் போகலாம். ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருப்பவனுக்கு அடுத்த குழாய் ஏது? வேறிடம் போகவியலாதவனிடம் தாமே விலை கூறி வாங்குவது வியாபாரமன்று, அது வரி. வரி விதிக்கும் உரிமை ஜனங்களுக்குப் பதில் சொல்லும் சர்க்காருக்கு உண்டேயன்றி, பங்குதாரருக்கு லாபம் பிரிக்கும் கம்பெனிக்கு இல்லை என்பதே நமது வாதம்.

சிலாங்கூரில் இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதன்று. 2005ஆம் ஆண்டில் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றின் நீர் விநியோகம் முப்பதாண்டு ஒப்பந்தத்தின்பேரில் ஷாபாஸ் கம்பெனியிடம் சென்றது. ஒப்பந்தப்படி 2009ஆம் ஆண்டில் வரவேண்டியிருந்த 37 சதவிகித உயர்வை மாநில அரசே ஏற்க மறுத்தது. கம்பெனி நீதிமன்றம் ஏறியது. 2010 டிசம்பர் 5ஆம் நாள் பேரரசரிடம் மனுக் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் ஊர்வலம் சென்றபொழுது, அவர்கள்மீது கண்ணீர்ப் புகையும் நீரும் பீய்ச்சப்பட்டன. நீர் கேட்டவர்களுக்கு அன்று நீர் இலவசமாகவே கிடைத்தது! பல்லாண்டுப் பேரத்துக்குப்பின், 255 கோடி வெள்ளிக்கு ஸ்பிளாஷ் கம்பெனியையும் வாங்கி, 2019ஆம் ஆண்டில் ஆயர் சிலாங்கூர் என்னும் மாநில நிறுவனத்தின்கீழ் யாவும் வந்தடைந்தன.

நிற்க. அது வீட்டார் கட்டணத்தை நிறுத்தியதால் வந்த வெற்றியன்று. அவர்கள் நிறுத்திய கதை இதற்கு முந்தியது, கழிவுநீரைப் பற்றியது. 1990களில் நாட்டின் கழிவுநீர்ப் பணி இண்டா வாட்டர் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்புவிக்கப்பட்டது. தனிச் சீட்டு வரத் தொடங்கியதும் மிகப்பலர் கட்ட மறுத்தனர். கட்டணம் பலமுறை குறைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நிதியமைச்சே நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு இது கூட்டு மறுப்பின் வெற்றியாகவே தோன்றும். ஆனால் பொதுவுடைமையான பின்னரும் கட்டாதவர் பலர் கட்டாதவராகவே இருந்தனர். நீர்க்குழாயை அடைப்பது போலக் கழிவுநீரை அடைக்கவொண்ணாது. ஆதலின் மறுத்தவனுக்குச் சேவை நின்றுவிடும் அபாயமில்லை. அத்தகைய மறுப்பில் நியாயம் எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. பேரேடு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று மட்டும் தெரியும்: வராத பணம் மறைந்துபோவதில்லை, வேறு பத்திக்கு மாறுகிறது. இண்டா வாட்டருக்கு வராத வெள்ளியைச் சர்க்கார் மானியமாகக் கொடுத்தது. அம்மானியத்தில் ஒழுங்காகக் கட்டியவனின் வரியும் அடக்கம்.

தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் கொச்சபம்பா நகரத்தார் செய்தது வேறு வகை. அங்கே 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நியக் கம்பெனி கட்டணத்தை வெகுவாக உயர்த்தியபொழுது, ஆலைத் தொழிலாளரும் உழவரும் ஒரே அணியாகத் திரண்டு, சீட்டுகளைப் பகிரங்கமாகக் கொளுத்தினர். இன்ன காரணத்துக்காகக் கொடுக்கவில்லை, ஒப்பந்தம் ரத்தானால் ஓய்வோம் என்று ஊரறியச் சொன்னார்கள். அதற்காக அடியும் பட்டார்கள். ஓர் இளைஞன் உயிரையே இழந்தான். ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. எனினும் நகரின் தென்பகுதி ஏழைகள் பலருக்கு அதன்பின் பல்லாண்டாகியும் குழாய் எட்டவில்லை. உடைமை கைமாறியதனால் மட்டும் குழாய் நீண்டுவிடாது.

இனி நம் இடத்துக்கு வருவோம். தோட்டத்தில் லயத்தாருக்குப் பொதுக்குழாய் இருந்தது; சீட்டு தொழிலாளியின் பெயருக்கு வந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறியபின், அவற்றுட் பலவற்றில் கட்டடம் முழுமைக்கும் ஒரே மொத்த மீட்டர். நிர்வாகக் குழு வீடுவீடாக வசூலித்துக் கட்ட வேண்டும். பாதிப்பேர் கொடாவிடில் பாக்கி ஏறி, கட்டடத்துக்கே நீர் நின்றுவிடும். மாதந்தவறாமல் கொடுத்த நான்காம் மாடிக் கிழவிக்கும் நிற்கும். மேலிருப்பவனை எதிர்ப்பதாக எண்ணி நிறுத்திய பணம் பக்கத்து வீட்டின் தொண்டையை அடைக்கிறது. கூட்டு மறுப்பைப் பேசும் தோழர்கள் முதலில் இக்கிழவிக்கு வழி சொல்லட்டும். நிறுத்திய பணத்தைத் தத்தம் சட்டைப்பையில் வையாது, நாலுபேர் அறிய ஒரு பொதுநிதியில் சேர்த்து, கோரிக்கை நிறைவேறிய அன்றே செலுத்தச் சித்தமாயிருப்பார்களாயின், அவர்களைத் திருடர் என்பவரோடு நாமே வாதாட வருவோம்.

இப்பொழுதோ நீர் நம் மாநிலத்தின் உடைமை. 2020 செப்டம்பரில் சுங்கை கோங்கில் கழிவு கலந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றபொழுது, கட்டணத்தை நிறுத்தியிருந்தால் ஆற்றைக் கெடுத்தவனுக்கு என்ன நஷ்டம்? உடையவனுக்கு உரிய ஆயுதம் கணக்குக் கேட்பதே. நம்மவர் கணக்குக் கேட்க அறியாதவரல்லர். கோயில் திருவிழா வரவுசெலவில் பத்து வெள்ளி இடித்தால் கூட்டத்தில் நாற்காலி பறக்கிறது. நிர்வாகக் குழுவின் நீர்க் கணக்குக் கூட்டத்துக்கோ, வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.