கருவியின் சாட்சி

நோயைக் காட்டிலும் நோயைப் பற்றிய ஐயம் கொடியது. நோய் இன்னதெனத் தெரிந்தால் அதற்குரிய வழியை நாடலாம். உண்டோ இல்லையோ என்று மயங்கும் மனத்திற்கு எவ்வழியும் புலப்படுவதில்லை. இம்மயக்கத்தை நாள்தோறும் சுமந்து வாழ்பவர்கள், தலையில் வடிகுழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளின் பெற்றோர்.

மூளையின் உள்ளறைகளை நிறைத்தும் மூளையைச் சூழ்ந்தும் தெளிந்த நீர் ஒன்று இயங்குகின்றது. வளர்ந்த ஒருவரிடம் எந்நேரமும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஆயினும் நாளொன்றுக்குச் சுரப்பதோ ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். புதியது ஊற ஊறப் பழையது குருதியில் கலந்துவிடும். அது செல்லும் வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். இதுவே மூளைநீர்த் தேக்கம் என்னும் நோய். மூளையறையிலிருந்து வயிற்றறை வரை தோலுக்கடியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மிகுந்த நீரை வடியச் செய்வது மருத்துவம் கண்ட வழி.

இவ்வழியைச் செம்மைப்படுத்தியதில் தந்தையரின் கண்ணீருக்கும் பங்குண்டு. 1950களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் கருவித் தொழிலாளி, இந்நோயுற்ற தம் மகனுக்காக வால்வு ஒன்றை உருவாக்க முனைந்து வெற்றி கண்டார். 1960இல் ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை நியூயார்க் நகரில் வாகனம் மோதித் தலையில் காயமுற்றது. பொருத்திய குழாய் மீண்டும் மீண்டும் அடைபட்டது. டாலும், பொறியாளர் ஸ்டான்லி வேடும், அறுவை மருத்துவர் கென்னத் டில்லும் கூடி முயன்று புதிய வால்வைக் கண்டனர். அது நிறைவெய்து முன்னரே டாலின் மகன் தேறிவிட்டான். ஆனால் அவ்வால்வு பிறர் பெற்ற பிள்ளைகள் பலரைக் காத்தது.

எனினும் இன்றளவும் குழாய்கள் அடைபடவே செய்கின்றன. குழந்தைகளுக்குப் பொருத்தப்படுவனவற்றுள் ஏறத்தாழப் பாதி, இரண்டே ஆண்டுகளில் பழுதுறுகின்றன. பழுதின் அறிகுறிகள் யாவை? தலைவலி, வாந்தி, சோர்வு. சாதாரணக் காய்ச்சலின் அறிகுறிகளும் இவையே அல்லவா? நள்ளிரவில் குழந்தை வாந்தி எடுத்தால், அது உண்ட உணவின் கோளாறா, உயிருக்கு வந்த இடரா என்று தாய் எங்ஙனம் அறிவாள்?

இவ்வினாவிற்கு விடையாகவே கம்பியில்லா உணர்கருவிகள் உருவாகின்றன. குழாயோடு உள்ளே பொருத்தப்படும் இக்கருவிகளுள் சில மின்கலமின்றியே இயங்குவன. தோலின்மேல் பிடிக்கும் மற்றொரு கருவியின் மின்காந்த அலையால் ஆற்றல் பெற்று, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியே அறிவிக்கின்றன. அழுத்தத்தை அளப்பவை ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துள்ளன. நீரோட்டத்தை அளப்பனவும், நெடுங்காலம் அளவு பிறழாதனவும் ஆய்வாளர்களின் முயற்சியில் உள்ளன.

இங்கே அறவினா ஒன்று எழுகின்றது. ‘தலை வலிக்கின்றது’ என்கிறது குழந்தை. ‘அழுத்தம் சரியாக உள்ளது’ என்கிறது கருவி. யார் சொல்லை நம்புவது?

மனித உணர்வு தவறக்கூடியது. அச்சம் சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும். கருவிக்கோ அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை என்பர் ஒரு சாரார். அது மெய்யே. ஆனால் கருவி, தான் அளக்கப் படைக்கப்பட்டதை மட்டுமே அளக்கும். படுத்திருக்கும்போது உள்ள அழுத்தம் எழுந்து நின்றால் மாறிவிடும். அது கூறுவது ஓரிடத்தின், ஒரு கணத்தின் செய்தி. வலியை அளக்கும் கோல் அதனிடம் இல்லை.

அவ்வாறாயின் கருவியே வேண்டாம் என்று ஒதுக்கலாமா? அதுவும் அறமன்று. பேச்சு வராத பச்சிளங் குழந்தைக்குக் கருவியே நாவாகின்றது. வேண்டாத அறுவைகளிலிருந்தும், மீண்டும் மீண்டும் எடுக்கும் கதிர்ப் படங்களிலிருந்தும் அது குழந்தையைக் காக்கக்கூடும். கிடைக்கும் அறிவை மறுத்துவிட்டு நம்பிக்கை பேசுவது அன்பாகாது.

ஆகவே, கருவியின் இரு சொற்களையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ‘இடர் உண்டு’ என்று அது கூறினால் உடனே செவிசாய்த்தல் வேண்டும். ‘இடர் இல்லை’ என்று கூறினால் கத்தியை நிறுத்தி வைக்கலாம், காதை மூடிக்கொள்ளலாகாது. குழந்தை தொடர்ந்து வருந்துமாயின் ஆராய்ச்சியும் தொடர வேண்டும். தன் வலி நம்பப்படவில்லை என்று உணரும் குழந்தை, அடுத்த முறை வலியைச் சொல்லாமலே இருந்துவிடலாம். அந்த மௌனத்தை எக்கருவியும் அளந்து காட்டாது.

நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நாற்கூறாகக் கண்டார் வள்ளுவர். உணர்கருவி இந்நால்வகைக்கும் துணையாகலாம், எதற்கும் ஈடாகாது. அது அழுத்தத்தின் அளவைச் சொல்லட்டும். குழந்தையின் நெற்றியில் கைவைத்து, ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கும் கடமை என்றும் மனிதனுடையதே.