பட்டமும் பட்டப்பெயரும்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.

கண்ணியமானவர்களே!

ஷஃபான் பிறந்துவிட்டால் நம் அரபுக் கல்லூரிகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். வேலூர் பாக்கியாத், உமராபாத் தாருஸ் ஸலாம், லால்பேட்டை மன்பவுல் அன்வார், நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா, நமக்குப் பக்கத்தில் ஈரோடு தாவூதிய்யா என்று பல இடங்களிலும் ஓதி முடித்த பிள்ளைகள் புகாரியின் கடைசி ஹதீஸை ஓதி, ஸனது வாங்கி, ஊர் திரும்பும் காலம் இது. நேற்று வரை வெறும் பெயரோடு இருந்தவர்கள் இனி பாகவி, உமரி, மன்பயீ, மிஸ்பாஹி, தாவூதி. படித்த இடத்தின் நினைவை ஆயுள் முழுக்கப் பெயரோடு சுமக்கிற கூட்டம் இது.

சில ஆண்டுகளாக ஷஃபானும் பிளஸ் டூ பொதுத்தேர்வும் அடுத்தடுத்து வருகின்றன. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் சேர்த்துவிட்ட நம் மஹல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் ஏறிய தாய்மார்கள் உங்களில் பலருடைய வீட்டிலும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் எதைக் கொண்டு வரப் போகிறார்கள்? மதிப்பெண் பட்டியல், ஸனது, ஒரு நோட்டு நிறைய கையெழுத்துகள். இவற்றோடு நினைவுகளையும் கொண்டு வருவார்கள். அந்த நினைவுகளைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல் விடுதி

நம் உம்மத்தின் முதல் விடுதி மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியின் ஓரத்தில் இருந்த திண்ணை. பெயர் ஸுஃப்பா. வீடு வாசல் இல்லாத ஸஹாபாக்கள் அங்கேயே தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, அல்லாஹ்வின் தூதரிடம் பாடம் கற்றார்கள்.

அந்த விடுதியின் புகழ்பெற்ற மாணவர் அபூஹுரைரா (ரலி). கைபர் போர் நடந்த ஹிஜ்ரி 7-ல் வந்து சேர்ந்தவர். குறுகிய காலம்தான் நபியோடு இருந்தார். ஆனால் அவர் வழியாக வந்த ஹதீஸ்கள் 5374 என்று அறிஞர்கள் எண்ணிச் சொல்கிறார்கள்.

பிற்காலத்தில் அவருக்கு வசதி வந்தது. ஒரு நாள் உயர்ந்த துணியில் மூக்கைத் துடைத்தவர், தன்னையே பார்த்து வியந்துகொண்டார். மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் நடுவே தான் மயங்கி விழுந்து கிடந்த நாட்களை நினைவுகூர்ந்தார். போகிறவர்கள் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கழுத்தில் காலை வைப்பார்களாம். பைத்தியமில்லை, வெறும் பசிதான் என்றார் (புகாரி).

கவனியுங்கள். அவர் தன் விடுதி நாட்களை நினைக்கும்போது யாரையும் குறை சொல்லவில்லை, யாரையும் கேலி செய்யவில்லை. எங்கிருந்து எங்கே அல்லாஹ் கொண்டுவந்தான் என்று நினைத்தார். ஷுக்ராக மாறிய நினைவு அது.

20 இரவுகள் தங்கியவர்கள்

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) ஒரு சம்பவம் சொல்கிறார். ஏறக்குறைய ஒரே வயதுள்ள இளைஞர்களாக அவர்கள் மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கிக் கற்றார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டதை நபியவர்கள் கவனித்தார்கள். இளைஞர்கள் வாய்திறந்து கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், நான் தொழக் கண்டபடி தொழுங்கள், நேரம் வந்தால் உங்களில் ஒருவர் பாங்கு சொல்லட்டும், மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள் (புகாரி).

இதைச் சொல்லும்போது மாலிக் (ரலி) மறக்காமல் சேர்ப்பது ஒன்று உண்டு: நபியவர்கள் எங்களிடம் இரக்கமாகவும் மென்மையாகவும் இருந்தார்கள். பாடத்தோடு சேர்த்து அந்தக் குணத்தையும் அவர் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருந்தார்.

அன்பானவர்களே! நம்மோடு தங்கியவர்கள் நம்மைப் பற்றி எதை நினைவில் வைத்திருப்பார்கள்?

என் பாவம் ஒன்று

இந்த இடத்தில் ஊரார் பாவத்தைச் சொன்னால் அது புறமாகிவிடும். அதனால் என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் ஓதிய காலத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். அமைதியானவன். என் பாய்க்குப் பக்கத்துப் பாயில்தான் படுப்பான். அவனுக்குத் திக்குவாய். ஹஜ்ரத் முன்னால் கிதாபைத் திறந்து இபாரத் வாசிக்கும்போது, முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் அவன் திக்கிய அந்த எழுத்தையே வைத்து நான் ஒரு பெயர் வைத்தேன். ராத்திரி சாப்பாட்டு வரிசையில் சொன்னேன். மறுநாள் காலைக்குள் மத்ரஸா முழுக்கப் பரவிவிட்டது. சமையல்கார பாய்கூட அந்தப் பெயரில்தான் அவனைக் கூப்பிட்டார்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் போனவன் ஷவ்வாலில் திரும்பி வரவில்லை. வீட்டில் கஷ்டமாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

20 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய போட்டோவைப் போட்டு, ஓரத்தில் நின்ற அவனைக் காட்டி, அந்தப் பெயரை எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இஷாவுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

விசாரித்து நம்பர் வாங்கிப் போனேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. அவன் பெயரைச் சொல்லி அழைத்தேன். "என் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா ஹஜ்ரத்?" என்று கேட்டான். பக்கத்துப் பாயில் படுத்தவன் என்னை ஹஜ்ரத் என்றும் நீங்க என்றும் அழைத்தான்.

டீ வாங்கிக் கொடுத்தான். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதை வச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியாது" என்றான். பிறகு சொன்னான்: "அதுக்கப்புறம் நாலு பேர் முன்னாடி சத்தமா ஓதினதே இல்ல. பையனை ஓத அனுப்பச் சொல்லி ஜமாஅத்துல கேட்டாங்க. ஹாஸ்டல்னாலே பயமா இருக்கு, வேண்டாம்னுட்டேன். நான் பொருந்திக்கிட்டேன் ஹஜ்ரத். ஆனா மறக்குறது என் கையில இல்ல."

கண்ணியமானவர்களே! குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). யாருக்கு அல்லாஹ் இரண்டு கூலி வைத்திருந்தானோ அவனைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம். பட்டம் வாங்க வந்தவன் பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு போனான். அவனுடைய ஓதலும் அவன் மகனுடைய ஓதலும் என் ஒரு சொல்லில் நின்றுபோயின. நான் ஸனது வாங்கிய நாளில் அந்தக் கணக்கு என் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

விளையாட்டு இல்லை

ஒரு சமூகம் மற்றொன்றைக் கேலி செய்ய வேண்டாம், கேலி செய்யப்படுபவர்கள் மேலானவர்களாக இருக்கலாம், பட்டப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம் என்று அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கிறான் (49:11).

எல்லாப் பட்டப்பெயரும் ஹராமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. மஸ்ஜிதில் மண் ஒட்டப் படுத்திருந்த அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் அன்போடு 'அபூ துராப்', மண்ணின் தந்தை, என்று எழுப்பினார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிடப் பிரியமான பெயர் இருக்கவில்லை. ஆக, அந்தப் பெயரைக் கேட்டால் அவர் முகம் மலருகிறதா, சுருங்குகிறதா? அதுதான் அளவுகோல். கூட்டத்தோடு அவனும் சிரித்தான் என்பது ஆதாரமாகாது. அழ வெட்கப்பட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் உண்டு.

தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்தும், ஒருவரைத் திட்டியதற்கும், ஒருவர் பொருளைச் சாப்பிட்டதற்கும், ஒருவரை அடித்ததற்கும் நன்மைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் நபியவர்கள் உண்மையான ஏழை என்றார்கள் (முஸ்லிம்). சகோதரனுக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே பொருத்தம் பெறட்டும் என்றார்கள் (புகாரி). இந்த இரண்டையும் நமக்கு அறிவித்தவர் அதே ஸுஃப்பா மாணவர் அபூஹுரைரா (ரலி).

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. கையெழுத்து நோட்டை நீட்டும் முன் பொருத்தம் கேளுங்கள். பொதுவாக எல்லோரும் மன்னியுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. யாரைக் காயப்படுத்தினீர்களோ அவருடைய கட்டிலுக்கே போய்க் கேளுங்கள்.

2. இரவல் வாங்கிய கிதாப், பக்கெட், சட்டை, சில்லறைக் கடன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். உரியவரை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரில் ஸதக்கா செய்துவிடுங்கள்.

3. உஸ்தாதுகளிடம் துஆ கேட்கும்போது சமையல்காரரையும் வாட்ச்மேனையும் கழிவறை கழுவியவரையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

4. என்னைப் போல் வயதானவர்களே! உங்கள் பழைய மாணவர் குழுவில் இன்றும் ஒருவருடைய பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்தால், இந்த ஜும்ஆவோடு நிறுத்துங்கள். அவருடைய பெயரைச் சொல்லி ஸலாம் எழுதுங்கள்.

பெற்றோருக்கு

பிள்ளை வாசலில் பெட்டியை இறக்கியதும் தேர்வு எப்படி, எத்தனை மார்க் வரும் என்று ஆரம்பிக்காதீர்கள். நபியவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், மனிதர்களைப் பற்றி விசாரித்தார்கள். நீங்களும் அப்படிக் கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்தான், யார் உன்னோடு சாப்பிட்டான், அங்கே உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீ யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று கேளுங்கள். பாதியில் வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளை இருந்தால், சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

புகாரியின் கடைசி ஹதீஸ் எது என்று ஓதி முடித்த பிள்ளைகளுக்குத் தெரியும். நாவுக்கு இலகுவான, தராசில் கனமான, ரஹ்மானுக்குப் பிரியமான இரண்டு வார்த்தைகளைப் பற்றியது. அதை அறிவித்தவரும் அபூஹுரைரா (ரலி)தான். தஸ்பீஹ் நாவுக்கு இலகு, தராசில் கனம். பட்டப்பெயரும் அப்படித்தான், நாவுக்கு மிக இலகு. ஆனால் அது ஏறி உட்காருவது தராசின் மறுதட்டில்.

யா அல்லாஹ்! ஓதி முடித்த எங்கள் பிள்ளைகளின் இல்மில் பரக்கத் செய்வாயாக! தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வெற்றியைத் தருவாயாக! எங்கள் நாவால் காயப்பட்டவர்களின் உள்ளங்களை நீயே ஆற்றுவாயாக! எங்களால் பாதியில் ஓதலை விட்டவர்களின் வீடுகளில் மீண்டும் குர்ஆனின் ஓசையைக் கேட்கச் செய்வாயாக!

ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.